குளியலறை நாற்றம் எங்கிருந்து வருகிறது?

சின்னம்மா வீட்டுக்கு எப்போது போனாலும் வாசலிலேயே சாம்பிராணிப் புகை வந்து வரவேற்கும். செவ்வாய், வெள்ளி என்ற கணக்கெல்லாம் கிடையாது. வயதாக வயதாகப் பக்தி முற்றிவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் சாம்பிராணி தீர்ந்துபோன நேரமாகப் பார்த்துப் போய் நின்றேன். அப்போதுதான் விஷயம் விளங்கியது. வீட்டின் பின்பக்கத்திலிருந்து, அழுகிய முட்டையை உடைத்து வைத்ததுபோல் ஒரு நாற்றம்.

"என்னா செய்யிறது தம்பி! எவ்வளவு தேய்ச்சாலும் போக மாட்டேங்குது. வாரவங்க மூக்கப் பொத்திக்கிட்டு ஒக்காந்திருந்தா யாருக்கு அவமானம்? எனக்குத்தானே?" என்றார் சின்னம்மா.

அவர் முப்பது வருடத்துக்கும் மேலாகப் பால்மரம் வெட்டியவர். கட்டிப்பால் மூட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பசியாறியவர். நாற்றம் என்றால் முகம் சுளிக்கிற ஆள் அல்ல. அப்படிப்பட்டவரையே இந்த நாற்றம் கலங்க வைத்துவிட்டது. தோட்டம் கைமாறி, லயம் இடிபட்டு, கிடைத்த தொகையைப் போட்டுத் தாமானில் ஒரு மலிவு விலை வீடு வாங்கியிருந்தார்கள். மகன் சம்பாதிக்கத் தொடங்கியதும் பின்பக்கம் கொஞ்சம் இழுத்துக் கட்டி, பளிங்குபோல் ஓடு பதித்து ஒரு புதுக் குளியலறையும் அமைத்துக் கொடுத்தான். அந்தப் புதுக் குளியலறை வந்த சில மாதங்களில்தான் நாற்றமும் வந்து சேர்ந்தது.

அந்த நேரம் பார்த்து மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் குழந்தை பார்க்க வருவார்கள். சின்னம்மாவின் அவசரம் உங்களுக்குப் புரியும். புதுக் குளியலறையின் தரைக் குழிக்குள் ஒருநாள் பினாயில் ஊற்றினார். மறுநாள் துணி வெளுக்கும் குளோராக்ஸ் ஊற்றினார். அதுவும் கேட்கவில்லை என்றதும், கறை போக்க வைத்திருந்த ஆசிட்டை அதன் தலையிலேயே ஊற்றிவிட்டார். பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் லேசாகப் புகை எழும்பியதாம். மூச்சு முட்டி, கண் எரிந்து, இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்து விழுந்திருக்கிறார். கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிழைத்துக்கொண்டார், ஆனால் இருமல் நிற்க ஒரு வாரம் ஆயிற்று.

அதோடு விட்டாரா? யாரோ பாச்சை உருண்டை போட்டால் நாற்றம் நிற்கும் என்று சொல்ல, ஒரு பொட்டலம் வாங்கிக் குளியலறைக் குழியில் நாலு, கழிவறையில் நாலு, குழந்தைத் துணி வைக்கிற அலமாரியில் நாலு என்று போட்டு வைத்தார். பிரசவமான வீட்டுக்குச் சுகாதார நிலையத்து மிஸி வந்து தாயையும் பிள்ளையையும் பார்த்துவிட்டுப் போவது நம் நாட்டில் நெடுநாளாக இருந்துவரும் நல்ல வழக்கம். அன்று வந்த மிஸி வாசற்படியில் கால் வைத்ததும் மோப்பம் பிடித்துவிட்டார். குழந்தையின் மருத்துவப் புத்தகத்தைப் புரட்டினார். "யாரும்மா இந்த உருண்டையப் போட்டது? இப்பவே எல்லாத்தையும் பொறுக்கி வெளியே போடுங்க. புள்ளத் துணிய மறுபடி துவைங்க" என்று ஒரே போடாகப் போட்டார்.

பாச்சை உருண்டையில் என்ன இருக்கிறது?

இதை முதலில் சொல்லிவிட வேண்டும். நாற்றத்தைப் பற்றி நாளைக்குப் பேசிக்கொள்ளலாம், இது இன்றைக்கே தெரிய வேண்டிய செய்தி. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதிப்பொருள் இரத்தத்தில் குறைவாக இருக்கும். ஆண் குழந்தைகளிடம் இது அதிகம். நம் நாட்டு மருத்துவமனைகளில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து இந்தக் குறை உண்டா என்று பார்த்துப் புத்தகத்தில் எழுதிவிடுகிறார்கள். குறை இருந்தாலும் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும். ஆனால் சில பொருள்கள் ஆகாது. அவற்றில் முக்கியமானது பாச்சை உருண்டை செய்யப் பயன்படும் நாப்தலீன். அதன் ஆவியை முகர்ந்தாலும், அது ஏறிய துணியை உடுத்தினாலும், அந்தப் பிள்ளைகளின் சிவப்பணுக்கள் உடையத் தொடங்கும். உடம்பு மஞ்சளாகும். பச்சைப்பிள்ளைக்கு மஞ்சள் அளவு மீறிப் போனால் மூளையையே பாதிக்கலாம்.

சின்னம்மாவின் பேரனுக்கு அந்தக் குறை இருந்தது. புத்தகத்தில் எழுதியும் இருந்தது. மருத்துவமனையில் சொல்லியும் அனுப்பியிருக்கிறார்கள். மகள் அதைக் கேட்டுக்கொண்டாள். ஆனால் குளியலறைக் குழிக்குள் அம்மா போட்டது அதே பொருள்தான் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. பிள்ளையை மூன்று நாள் மருத்துவமனையில் நீல விளக்கின்கீழ் வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது தத்தித் தத்தி நடக்கிறான். ஆனாலும் அந்த மூன்று நாளும் சின்னம்மா சோறு தண்ணீர் இறங்காமல் கிடந்ததை நான் பார்த்தேன். ஒரு நாற்றத்தை விரட்டப் போய் வந்த வினை!

உங்கள் வீட்டுக் குழிகளில் பாச்சை உருண்டை கிடந்தால் இந்தப் பக்கத்தை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டுப் போய் எடுத்துப் போட்டுவிட்டு வாருங்கள். வீட்டில் கைப்பிள்ளை இல்லாவிட்டாலும் சரி. அது நாற்றத்தைப் போக்குவதில்லை. அதைவிடக் கடுமையான வாசனையை மேலே போர்த்துகிறது, அவ்வளவே.

பைப்புக்கார அண்ணன் வந்தார்

கடைசியில், பக்கத்துத் தோட்டத்தில் குழாய் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அண்ணனை அழைத்து வந்தோம். அவர் புதுக் குளியலறைக்குள் போய் ஒரு நிமிடம் நின்றார். வெளியே வந்தார். "இங்க இல்லக்கா. பழைய குளியலறை எங்க?" என்றார்.

பழைய குளியலறையா? புதியது வந்ததும் அதைச் சாமான் அறையாக ஆக்கிவிட்டிருந்தார்கள். அரிசி மூட்டை, தீபாவளிப் பலகாரத் தகரங்கள், ஓடாத காற்றாடி, லயத்திலிருந்து கொண்டுவந்த தண்ணீர்த் தோம்பு எல்லாம் அதற்குள் அடைத்துக் கிடந்தன. ஒன்றொன்றாக வெளியே எடுத்து வைத்தோம். மூலையில் தரைக் குழி. அண்ணன் மேல்மூடியைத் தூக்கிவிட்டுக் கைவிளக்கை அடித்துக் காட்டினார். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எலும்பாகக் காய்ந்து கிடந்தது.

"ஒரு வாளி தண்ணி ஊத்துக்கா" என்றார். சின்னம்மா ஊற்றினார். "அவ்வளவுதான். முடிஞ்சிச்சி" என்று கையைக் கழுவிக்கொண்டார் அண்ணன். எங்களுக்கு நம்பிக்கையில்லை. ஆனால் அன்று சாயந்திரமே பாதி நாற்றம் போயிற்று. மறுநாள் காலையில் சுத்தமாக இல்லை. மூன்று மாதம் சாம்பிராணி, பினாயில், ஆசிட், பாச்சை உருண்டை என்று சின்னம்மா செலவழித்த வெள்ளியைக் கணக்குப் பார்க்க வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

அந்த ஒரு வாளித் தண்ணீர் செய்த வேலை

குளியலறைத் தரையில் வட்டமாகவோ சதுரமாகவோ ஓட்டைகள் போட்ட மூடி இருக்கிறதே, அதற்குக் கீழே போகும் குழாய் நேராகச் சாக்கடைக்குப் போவதில்லை. சற்று வளைந்து, ஒரு கிண்ணம்போல் குழிந்து, பிறகு மேலேறித்தான் போகும். இதைப் புளோர் டிராப் என்று கடைகளில் சொல்கிறார்கள். டிராப் என்றால் பொறி. குளித்துவிட்டு ஊற்றுகிற கடைசித் தண்ணீர் அந்த வளைவில் தேங்கி நிற்கும். தண்ணீர் போகும், காற்று திரும்பி வர முடியாது. தேங்கி நிற்கும் அந்தத் தண்ணீர்தான் கதவு. பொதுவாக அதன் ஆழம் 50 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம் இருக்கும். சாக்கடைக்கும் நம் வீட்டுக்கும் நடுவே இருப்பது இந்த இரண்டு அங்குலத் தண்ணீர் மட்டுமே. முகம் கழுவும் தொட்டிக்குக் கீழே குழாய் வளைந்திருப்பதும் இதற்காகத்தான். குந்தி உட்காரும் கழிவறையின் அடியிலும் இதே ஏற்பாடு இருக்கிறது.

இந்த வளைவை முதலில் காப்புரிமை எடுத்துக் கழிவறையோடு சேர்த்தவர் அலெக்சாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக்காரர், ஆண்டு 1775. தொழிலோ கடிகாரம் செய்வது! இருநூற்றைம்பது ஆண்டுகளாகியும் அதைவிடச் சுலபமான, காசு செலவில்லாத வழி ஒன்றும் வந்துவிடவில்லை.

ஆனால் தண்ணீர்க் கதவுக்கு ஒரு பலவீனம் உண்டு. புழங்காமல் விட்டால் காய்ந்துவிடும். நம் ஊர் வெயிலில் சில வாரமே போதும். விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கிற மாடிக் குளியலறை, மகன் வெளியூர் போனதால் பூட்டிய அறை, துணி துவைக்கும் யந்திரத்தை இடம் மாற்றியதால் தண்ணீர் படாமல் போன பின்கட்டுக் குழி, இவையெல்லாம் மெல்ல மெல்ல வறண்டு, ஒருநாள் கதவு திறந்துகொள்ளும். நாமோ புழங்குகிற குளியலறையைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்போம். அதிலும் காற்றை வெளியே தள்ளும் விசிறி வைத்த குளியலறையாக இருந்தால் கேட்கவே வேண்டாம். கதவுகளைச் சாத்தி விசிறியைப் போட்டால் அது வீட்டுக் காற்றை வெளியே தள்ளும். அந்தக் காற்றுக்கு ஈடாக வறண்ட குழி வழியே சாக்கடைக் காற்று உள்ளே வரும்.

இது நாற்றத்தோடு நிற்கிற சமாச்சாரம் அல்ல என்பதை 2003ஆம் ஆண்டு உலகமே கண்டது. அந்த ஆண்டு சார்ஸ் நோய் பரவியபோது ஹாங்காங்கில் அமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடி வட்டாரத்தில் ஏப்ரல் நடுப்பகுதிக்குள் 321 பேருக்கு நோய் கண்டது. எப்படி இத்தனை வீடுகளுக்குப் பரவியது என்று ஆராய்ந்தவர்கள் கடைசியில் வந்து நின்ற இடங்களில் ஒன்று, குளியலறைத் தரைக் குழி. பல வீடுகளில் குழியின் தண்ணீர் வற்றியிருந்தது. விசிறி இழுத்த இழுப்பில் கழிவுக் குழாயிலிருந்த நோய்த் துளிகள் வீட்டுக்குள் வந்திருக்க வேண்டும் என்றார்கள். அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கும் நம்மவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. மேல்வீடும் கீழ்வீடும் ஒரே குழாயைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன.

செய்ய வேண்டியது மிகச் சின்ன வேலை. புழங்காத குழிகளுக்கு வாரம் ஒருமுறை ஒரு வாளித் தண்ணீர். தைப்பூசத்துக்கோ பள்ளி விடுமுறைக்கோ பல நாள் வெளியூர் போவதானால், புறப்படும்போது தண்ணீர் ஊற்றி, அதன்மேல் இரண்டு கரண்டி எண்ணெயும் விட்டுவிட்டுப் போகலாம். எண்ணெய் மேலே மிதந்து தண்ணீரை வற்றவிடாது. கொசுவும் முட்டையிடாது. ஆமாம், கொசு! தேங்கிய சுத்தமான தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குப் பிரியமான இடம். சிங்கப்பூரில் வீடுகளைச் சோதிக்க வரும் அதிகாரிகள் தரைக் குழியைத் தவறாமல் திறந்து பார்ப்பது இதனால்தான். புழங்காத குழிக்கு மூடி போட்டு வைக்கச் சொல்கிறார்கள். நம் பக்கத்தில் சுகாதார இலாகாவினர் கொடுக்கும் அபேட் மணலைக் கொஞ்சம் போட்டாலும் போதும்.

புழங்குகிற குழியே நாறினால்?

எல்லா வீட்டிலும் காரணம் வறட்சியாகவே இருக்காது. தினமும் தண்ணீர் ஓடும் குழியிலிருந்தும் நாற்றம் வரும். இதற்குக் காரணம் வேறு; நம் வழக்கத்தோடு ஒட்டியது.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை நினைத்துப் பாருங்கள். நல்லெண்ணெய், சீயக்காய்த் தூள், உதிர்ந்த முடி, மஞ்சள், சோப்பு. இவ்வளவும் சேர்ந்து குழிக்குள் இறங்குகின்றன. சீயக்காய்த் தூள் கரையாது. எண்ணெயில் ஊறிப் பிசின்போல் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதில் முடி சிக்கி வலைபோல் பின்னிக்கொள்ளும். அந்த வலையில் அழுக்கெல்லாம் தங்கும். காற்றுப் படாத அந்த வழவழப்பில் கிருமிகள் குடியேறி அழுக்கைத் தின்று வாயுவை விடுகின்றன. அழுகிய முட்டை வாடை அதுதான். குளியலறையிலேயே மீன் கழுவுகிறவர்கள் வீட்டில் செதிலும் சேர்ந்துகொள்ளும். எண்ணெய்க் குளியலை விடச் சொல்லவில்லை. அதை விட்டால் நம் பாட்டிமார் சும்மா விடுவார்களா? குழியின் வாயில் ஒரு பழைய நைலான் வலைத் துண்டையோ, கடையில் இரண்டு மூன்று வெள்ளிக்குக் கிடைக்கும் முடி வடிகட்டியையோ வைத்துவிட்டுக் குளித்தால் பாதித் தொல்லை தீரும். சீயக்காய்த் தூளைத் துணியில் கட்டி ஊறவைத்துச் சாற்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே அடைத்துக்கொண்ட குழியை மருந்து ஊற்றி மட்டும் சுத்தம் செய்ய முடியாது. கையில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு மூடியைத் தூக்குங்கள். சில வீடுகளில் மூடிக்குக் கீழே ஒரு கிண்ணமோ, மணியைக் கவிழ்த்ததுபோல் ஒரு துண்டோ இருக்கும். அதையும் எடுத்துத் தனியே கழுவுங்கள். கம்பியின் நுனியைக் கொக்கிபோல் வளைத்து உள்ளே விட்டு மெதுவாகச் சுற்றி இழுத்தால் முடி பந்தாக வரும். பார்க்கச் சகிக்காது, ஆனால் நாற்றத்தின் பெரும்பங்கு அந்தப் பந்தில்தான் இருக்கிறது. பிறகு புட்டி கழுவும் நீளப் பிரஷால் சோப்புத் தூள் போட்டுச் சுவரைத் தேய்த்துச் சூடான தண்ணீர் ஊற்றுங்கள். கை பொறுக்கிற சூட்டைவிடக் கொஞ்சம் அதிகம் இருந்தால் போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் இப்போதைய பிளாஸ்டிக் குழாய்கள் இளகி, மூட்டுகள் விட்டுப்போகும்.

அப்பச் சோடாவும் வினிகரும் ஊற்றினால் எல்லாம் போய்விடும் என்று சொல்வார்கள். அரைக் கோப்பைச் சோடாவைக் கொட்டி மேலே வினிகரை ஊற்றினால் பொங்கி நுரைக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். லேசான வழவழப்பை அது அசைத்துக் கொடுக்கும், வாடையும் கொஞ்சம் குறையும். முடியை அது கரைக்காது. ஆபத்தில்லாத வைத்தியம் என்பதால் வேண்டுமானால் செய்துகொள்ளுங்கள், முடியை எடுத்த பிறகு. கழுவி முடித்ததும் கிண்ணத்தையோ மணியையோ மறக்காமல் திரும்ப அதே இடத்தில் வையுங்கள். தண்ணீர் சீக்கிரம் இறங்க வேண்டும் என்று அதைக் கழற்றித் தூக்கி எறிந்துவிட்டு, அதன்பிறகு நாற்றம் நாற்றம் என்று புலம்புகிற வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். அந்தத் துண்டு இல்லாவிட்டால் தண்ணீர்க் கதவும் இல்லை.

காஸ்டிக் சோடா முடியைக் கரைக்கும்; உண்மைதான். தோலையும் கண்ணையும் சேர்த்துக் கரைக்கும். தண்ணீர் பட்டதும் கொதிக்கிற அளவுக்குச் சூடாகி மேலே தெறிக்கும். சிறுபிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம் என்பது என் எண்ணம்.

சின்னம்மா செய்த தவற்றை யாரும் செய்துவிடக் கூடாது. குளோராக்ஸும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு எழும்பும். முதல் உலகப்போரில், 1915இல், எதிரிகளைக் கொல்லக் களத்தில் திறந்துவிட்ட அதே வாயு. கழிவறைக் கறை போக்கும் ஆசிட், வினிகர், பால் உறைய வைக்க வாங்கி மிச்சம் வைத்திருக்கும் பார்மிக் ஆசிட், எதுவானாலும் குளோராக்ஸோடு சேரக் கூடாது. அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் மருந்தும் அப்படித்தான். ஒரே நாளில் ஒன்றை ஊற்றிவிட்டு இன்னொன்றை ஊற்றுவதும் கலப்பதற்குச் சமம். முதல் மருந்து அந்த வளைவில் தேங்கித்தானே நிற்கிறது! தவறி நடந்துவிட்டால் கழுவிவிடலாம் என்று உள்ளே நிற்காமல் உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிட வேண்டும். இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

இரவில் ஒரு சோதனை

நாற்றம் எந்தக் குழியிலிருந்து வருகிறது என்று மூக்கால் கண்டுபிடிப்பது கடினம். மூக்கு சீக்கிரம் பழகிப்போகும். அந்த அண்ணன் சொல்லிக்கொடுத்த வழி இது. நாலைந்து கனமான பிளாஸ்டிக் பைகளில் தண்ணீர் நிரப்பி முடிச்சுப் போடுங்கள். கடையில் பையில் கட்டித் தருகிற தேத்தண்ணீர்போல் தளதளவென்று இருக்க வேண்டும். இரவு படுக்கப் போகுமுன் ஒவ்வொரு குழியின்மேலும் ஒரு பையை வைத்துவிடுங்கள். அது மெத்தையாகப் படிந்து குழியை அடைத்துக்கொள்ளும். காலையில் நாற்றம் இல்லையென்றால் குற்றவாளி குழிகளில் ஒன்று. அடுத்தடுத்த இரவுகளில் ஒவ்வொரு பையாக எடுத்துப் பாருங்கள். எந்தப் பையை எடுத்ததும் நாற்றம் திரும்புகிறதோ, அதுதான் இடம்.

எல்லாவற்றையும் அடைத்தும் நாற்றம் இருந்தால்? முகம் கழுவும் தொட்டியின் கீழே குனிந்து பாருங்கள். தொட்டியிலிருந்து வரும் நெளிவுக் குழாயைச் சுவரிலோ தரையிலோ உள்ள பெரிய குழாய்க்குள் சும்மா செருகியிருப்பார்கள். சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி இருக்கும். சாக்கடைக் காற்றுக்கு அது ராஜபாட்டை. கரப்பான்பூச்சிகளுக்கும்தான். துணி துவைக்கும் யந்திரத்தின் குழாயும் இப்படியே. இரும்புக் கடையில் இதற்கென்று ரப்பர் வளையம் கிடைக்கும்.

வேறொரு குளியலறையில் வாளியைக் கவிழ்க்கும்போது இந்தக் குழியில் 'களக் களக்' என்று சத்தம் கேட்டால், ஒரு பக்கம் இறங்கும் தண்ணீர் மறுபக்கத்துத் தண்ணீர்க் கதவை உறிஞ்சி எடுக்கிறது என்று அர்த்தம். குழாய்க்குக் காற்றுப் போகும் வழி அடைபட்டிருக்கலாம். இது பைப்புக்காரர் பார்க்க வேண்டிய வேலை.

லயத்துக் கால்வாயும் தாமான் கால்வாயும்

லயத்தில் இருந்தபோது இந்தத் தொல்லை நமக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. குளிப்பு வெட்டவெளியில், குழாயடியில். தண்ணீர் சிமிந்திக் கால்வாய் வழியாக ஓடிவிடும். கால்வாய் கூட்டத் தோட்டமே ஆள் வைத்திருந்தது. டிரஸர் சுற்றிப் பார்க்க வருகிற நாளில் நம் அம்மாமார் விடிவதற்குள் வீட்டு வாசலையும் பின்வாசலையும் கழுவித் தள்ளிவிடுவார்கள். கால்வாய் கூட்டிய அந்த மனிதரை நாம் பெயர் சொல்லி அழைத்தோமே தவிர, பக்கத்தில் உட்கார வைத்து ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் கொடுத்தது குறைவு. கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் 1901இல் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடியவிட்டு மலேரியாவை ஒடுக்கிய நாளிலிருந்து, இந்த நாட்டில் எத்தனை உயிர்களைக் காப்பாற்றியது மண்வெட்டி பிடித்த அந்தக் கைகள்தான்.

இப்போது நம் வீட்டுக் கால்வாய்க்கு நாமே பொறுப்பு. பல பழைய தாமான் வீடுகளில் கழிவறைத் தண்ணீர் மட்டுமே கழிவுத் தொட்டிக்குப் போகிறது. குளியல் தண்ணீரும் சமையற்கட்டுத் தண்ணீரும் வீட்டுப் பின்னால் உள்ள திறந்த கால்வாயில் விழுகின்றன. அந்தக் கால்வாயில் சோற்றுப் பருக்கையும் பழைய எண்ணெயும் தேங்கிக் கிடந்தால், உள்ளே எவ்வளவு கழுவினாலும் குழாய் வழியாக வாடை ஏறத்தான் செய்யும். பொரித்த எண்ணெயை ஆறவைத்துப் புட்டியில் ஊற்றிக் குப்பையோடு போடுங்கள். பலர் வாங்கிக்கொள்ளவும் வருகிறார்கள்.

நாற்றம் கழிவறைப் பக்கமே அதிகம், தண்ணீர் இறங்கவும் நேரமாகிறது என்றால், கழிவுத் தொட்டி நிறைந்திருக்கலாம். தனித் தொட்டி உள்ள வீடுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை அள்ளிச் சுத்தம் செய்யவேண்டும். 1994 முதல் நாட்டின் பெரும்பகுதியில் இண்டா வாட்டர் நிறுவனம் இந்தப் பணியைச் செய்து வருகிறது. செலவு மிச்சம் என்று நீங்களாக மூடியைத் திறந்து உள்ளே இறங்கிவிடாதீர்கள். வீட்டுப் பிள்ளைகளையும் இறங்கவிடாதீர்கள். உள்ளே நிறைந்திருக்கும் வாயு, அளவு கூடியதும் முதலில் மூக்கை மரத்துப்போகச் செய்யும். நாற்றம் நின்றுவிட்டதே என்று நினைக்கும் நொடியில் ஆள் மயங்கி விழுவார். தூக்கப் போனவரும் விழுவார்.

இன்னமும் தோட்டத்து வீடுகளில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலையாள் குடியிருப்பையும் அதன் வடிகாலையும் கழிவறையையும் நல்ல நிலையில் வைத்திருப்பது முதலாளியின் கடமை. 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் சட்டம் அதற்குத்தான் வந்தது. கால்வாய் உடைந்து தேங்கி நின்றால் வாயால் முறையிட்டு நிற்காமல், தேதி போட்டு எழுதிக் கொடுத்து ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தொழிற்சங்கத் தலைவரிடம் இன்னொரு நகல் இருக்கட்டும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் இதையே நிர்வாகக் குழுவுக்குச் செய்யலாம். பொதுக் குழாய் உங்கள் ஒருவர் பொறுப்பில் இல்லை.

போன மாதம் சின்னம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். வியாழக்கிழமை. பேரன் கையில் சின்ன வாளியைக் கொடுத்து, அரிசி மூட்டையை நகர்த்திவிட்டு, "ஊத்துய்யா, ஊத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாதித் தண்ணீர் குழியில் விழுந்தது. மீதி அவன் கால்சட்டையில்.